மாடல் ஃபிளாட்டுக்கு முன் மாடிப்படியைப் பாருங்கள்

என் பெரியப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது ஒரு மார்கழி அதிகாலையில். பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய ஒரு டவரில், 14-ஆவது மாடி. ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. ஸ்ட்ரெச்சரோடு வந்த பையன்கள் கீழே லிஃப்ட் கதவு திறந்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உள்ளே ஆழம் 1.1 மீட்டர். எட்டுப் பேர் நிற்கலாம், ஒருவர் படுக்க முடியாது. பெரிய லிஃப்ட் ஒன்று இருந்தது, ஆனால் அது அடுத்த விங்கில். எங்கள் மாடியிலிருந்து அங்கே போக வழி கிடையாது. கடைசியில் அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, வேட்டியால் மார்போடு சேர்த்துக் கட்டி, நானும் அண்ணனும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு இறக்கினோம். மூன்றாம் நாள் போய்விட்டார். உடலையும் வீட்டுக்குக் கொண்டுபோக முடியவில்லை, ஃப்ரீசர் பெட்டி அந்த லிஃப்ட்டில் நுழையாது. கார் நிறுத்தும் இடத்தில் இரண்டு தூணுக்கு நடுவே கிடத்தினோம்.

அந்த வீட்டைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவள் நான். அப்போதே கட்டட வேலையில் 16 வருடம் ஆகியிருந்தது. ஹாலின் அகலம் பார்த்தேன், சமையல் மேடை உயரம் பார்த்தேன், கடற்காற்று வருமா என்று பார்த்தேன். லிஃப்ட்டின் ஆழத்தை அளக்கவில்லை.

அதற்குப் பிறகு அத்தை பெண்ணுக்கு, சிநேகிதிகளுக்கு என்று நிறைய பேருக்குச் சென்னையில் டவர் வீடு பார்க்கக் கூடப் போயிருக்கிறேன். இப்போது ஒரு வரிசை வைத்திருக்கிறேன். முதலில் டவர், அப்புறம் தளம், கடைசியில்தான் வீடு. விற்பனை அலுவலகத்தில் இதைத் தலைகீழாகக் காட்டுவார்கள், நேராக மாடல் ஃபிளாட்டுக்குத்தான் கூட்டிப்போவார்கள். டைல்ஸ் பிடிக்கவில்லை என்றால் பின்னால் மாற்றிக்கொள்ளலாம், சமையலறை அலமாரியை மாற்றலாம். வாசல் கதவுக்கு வெளியே இருக்கும் எதையும் உங்களால் மாற்ற முடியாது. அதனால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கையில் எடுத்துப்போக வேண்டியவை: 5 மீட்டர் டேப், சின்ன ரசமட்டம், ஒரு கோலிக்குண்டு, சிவப்புப் பேனா, திசை பார்க்க போன். இவற்றையெல்லாம் விட முக்கியம், ஒரு முழுத் தளத்தின் பிளான். புத்தகத்தில் வண்ணத்தில் அச்சடித்திருக்கும் உங்கள் ஒரு வீட்டின் படம் போதாது. அந்த மாடியில் இருக்கும் எல்லா வீடுகளும், லிஃப்ட், படி, டக்ட் (குழாய்கள் இறங்கும் குழி) எல்லாம் ஒரே தாளில் தெரிய வேண்டும். ‘டிப்பிக்கல் ஃப்ளோர் பிளான்’ என்று கேளுங்கள். விளம்பரத்தில் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் இருக்கும், இருந்தே ஆக வேண்டும். அந்த எண்ணை வைத்துத் தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் அந்தத் திட்டத்தின் விவரங்களைப் பாருங்கள். உங்கள் கையில் கொடுத்த பிளானையும் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) ஒப்புதல் பெற்ற பிளானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு முறை இப்படிப் பார்த்தபோது, விற்பனைப் படத்தில் ‘ஸ்டடி ரூம்’ என்று போட்டிருந்த இடம் ஒப்புதல் பிளானில் பால்கனியாக இருந்தது.

தாளை விரித்ததும் சிவப்புப் பேனாவால் லிஃப்ட், படிகள், நடைபாதை மூன்றையும் சுற்றி வரையுங்கள். டவரின் நடுத்தண்டு இதுதான். இனி எண்ண வேண்டும். ஒரு மாடிக்கு 8 வீடு, 20 மாடி என்றால் 160 வீடு. லிஃப்ட் மூன்று. ஒரு லிஃப்ட்டுக்கு 53 வீடு வருகிறது. ஒன்று சர்வீஸில் நின்றுவிட்டால் 80. காலை ஏழரை மணிக்குப் பள்ளி வேன் பிடிக்க வேண்டிய வீடுகளை நினைத்துப் பாருங்கள். என் அனுபவத்தில் ஒரு லிஃப்ட்டுக்கு 45 வீடு வரை சிரமம் இல்லை. 60 தாண்டினால் தினமும் காத்திருப்புதான்.

லிஃப்ட்டுக்குள் டேப் வைத்து அளங்கள், வெட்கப்பட வேண்டாம். ஆழம் 2.1 மீட்டராவது இருந்தால் ஸ்ட்ரெச்சர் படுத்தபடியே போகும். இன்னும் கட்டி முடிக்காத டவர் என்றால் பிளானிலேயே ஸ்கேல் வைத்துப் பார்க்கலாம். அந்தப் பெரிய லிஃப்ட் எந்த விங்கில் இருக்கிறது, உங்கள் வாசலிலிருந்து படி ஏறாமல் அதற்குப் போக முடியுமா, அதுவும் முக்கியம். லிஃப்ட்டிலிருந்து வெளியே வந்து திரும்பும் இடத்தையும் அளங்கள். கட்டிலோ பீரோவோ திரும்பாத முனை என்றால் ஸ்ட்ரெச்சரும் திரும்பாது.

படிகள் குறைந்தது இரண்டு வேண்டும், இரண்டும் ஒன்றுக்கொன்று தள்ளி இருக்க வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் புகை வரும்போது இரண்டும் ஒன்றாகவே அடைபடும். பிளானில் உங்கள் கதவிலிருந்து ஒவ்வொரு படிக்கும் ஒரு கோடு போடுங்கள். இரண்டு கோடும் ஒரே பக்கமாகப் போனால் அந்த வீட்டைக் கொஞ்சம் யோசியுங்கள். பிறகு அந்தப் படியில் கடைசி வரை இறங்கிப் பாருங்கள். பலர் இதைச் செய்வதே இல்லை. நான் ஒவ்வொரு முறையும் செய்கிறேன். தீத்தடுப்புக் கதவு தானாக மூடுகிறதா, செங்கல் வைத்துத் திறந்து வைத்திருக்கிறார்களா, கடைசிப் படி வெளியே திறந்தவெளிக்குப் போகிறதா, இல்லை அடித்தளப் பார்க்கிங்கிலேயே முடிகிறதா என்று இறங்கினால்தான் தெரியும்.

நடைபாதையில் நின்று விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். பகல் வெளிச்சம் வருகிறதா? கடைசியில் ஒரு ஜன்னலாவது வேண்டும். நடுவில் நடைபாதை, இரண்டு பக்கமும் வீடு என்ற அமைப்பில் இருட்டும் வாடையும் சேரும். ஒரு வீட்டில் கருவாடு வறுத்தால் எட்டு வீட்டுக்கும் தெரியும். உங்கள் வாசலுக்கு நேர் எதிரே அடுத்த வாசல் இருந்தால் கோலம் போடவும் செருப்பு விடவும் இடம் இருக்காது. கதவு திறந்ததும் எதிர்வீட்டு ஹால் தெரியும். வாசல்கள் கொஞ்சம் விலகி, சுவரில் ஒரு உள்வாங்கலோடு இருக்கும் பிளான் நல்ல பிளான். வரைந்தவர் யோசித்திருக்கிறார் என்று அர்த்தம்.

அடுத்து சுவர். சென்னையில் இப்போது எழும் உயரக் கட்டடங்கள் பல மைவான் முறையில் வருகின்றன. கம்பி கட்டி, அலுமினிய அச்சுகளை நிறுத்தி, சுவரையும் தளத்தையும் ஒரே நாளில் கான்கிரீட் ஊற்றிவிடுவார்கள். செங்கல் கிடையாது. வேலை வேகமாக முடியும், சுவர் நேராக இருக்கும், பெட்டி மாதிரி உறுதியாக நிற்கும். 2002-இல் சென்னையை நில அதிர்வுக்கான மூன்றாம் மண்டலத்துக்கு (மிதமான அபாயம்) உயர்த்தினார்கள், அந்த வகையில் இது நல்லதுதான். ஆனால் வாங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தச் சுவர்தான் கட்டடத்தைத் தாங்குகிறது. பிற்பாடு ஹாலையும் சமையலறையையும் சேர்க்க இடிக்க முடியாது, ஏசி பைப்புக்குக் காடி எடுக்க முடியாது. பிளக் பாயின்ட் எங்கே வேண்டும் என்று கான்கிரீட் போடும் முன்பே சொல்லிவிட வேண்டும். என் அத்தைக்கு ஊஞ்சல் இல்லாத வீடு வீடே இல்லை. அவருக்காக ஒரு டவரில் ஹாலின் மேல்தளம் போடும் முன்பே, கட்டமைப்புப் பொறியாளரிடம் ஒப்புதல் வாங்கிக் கொக்கியைக் கம்பியோடு சேர்த்துக் கட்டவைத்தோம். தளம் முடிந்த பிறகு கேட்டிருந்தால் நடந்திருக்காது. தளத்துக்குள் இழுவிசைக் கேபிள் (கான்கிரீட்டை இறுக்கிப் பிடிக்க இழுத்துக் கட்டிய இரும்புக் கேபிள்) போட்ட கட்டடம் என்றால் இன்னும் கவனம். அதில் கேட்காமல் ஒரு துளைகூடப் போடக்கூடாது.

மைவான் சுவரின் இன்னொரு குணம் சூடு. பெரும்பாலும் 16 சென்டிமீட்டர் கனம்தான், அதுவும் கான்கிரீட். பழைய ஒன்பது அங்குலச் செங்கல் சுவரை விடச் சீக்கிரம் வெயிலை உள்ளே அனுப்பும். மேற்குப் பார்த்த படுக்கையறையில் மாலை 3 மணி முதல் 6 மணி வரை வெயில் அடித்தால், இரவு 11 மணிக்குச் சுவரில் கை வைத்துப் பாருங்கள், அடுப்பு மேடை மாதிரி இருக்கும். அதனால் மைவான் டவரில் மேற்கில் படியும் லிஃப்ட்டும் குளியலறையும் வருகிற பிளானைத் தேடுங்கள். வேறு வழியில்லாமல் மேற்கு அறை வந்தால், அந்தப் பக்கம் பால்கனி இருக்கிறதா பாருங்கள். நாலடி நீட்டிய பால்கனி அந்தச் சுவருக்கு ஒரு குடை, ஆனால் சூரியன் தாழத் தாழ அதன் நிழல் குறையும்.

வடக்குப் பார்த்த ஜன்னலுக்கு வெயிலே வராது என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். சென்னையில் அது முழு உண்மை இல்லை. நாம் 13 டிகிரியில் இருக்கிறோம். மே, ஜூன், ஜூலையில் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும். அந்த மாதங்களில் காலையும் மாலையும் வடக்கு ஜன்னலில் சாய்வாக வெயில் விழும், சன்ஷேடு அவசியம். தெற்கையும் கிழக்கையும்தான் நான் விரும்புவேன். கோடையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து ஏறும். அது உள்ளே வந்தால் மட்டும் போதாது, வெளியேறவும் வழி வேண்டும். ஹால் ஜன்னலிலிருந்து பிளானில் ஒரு கோடு போடுங்கள், அது வீட்டின் இன்னொரு பக்க ஜன்னலில் முடிய வேண்டும். ஒரே பக்கம் மட்டும் ஜன்னல் உள்ள வீட்டில் 18-ஆவது மாடியிலும் புழுங்கும்.

ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்பதையும் நம்பிவிடாதீர்கள். பக்கத்தில் காலி மனை இருந்தால் அங்கேயும் ஒரு நாள் டவர் வரும். தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளில் 18.30 மீட்டரைத் தாண்டினால் உயரக் கட்டடம். அதைச் சுற்றி எல்லையிலிருந்து குறைந்தது 7 மீட்டர் விட வேண்டும், உயரம் கூடக்கூட இடைவெளியும் கூட வேண்டும். இரண்டு பக்கமும் 7 மீட்டர் விட்டால்கூட நடுவே 14 மீட்டர்தான். ஒரு சின்னத் தெருவின் அகலத்தில் எதிர்வீட்டுச் சமையலறை இருக்கும். கடல் தெரிகிறது என்று மாடிக்கு மாடி கூடுதல் பணம் கேட்டால், நடுவில் இருப்பது யார் மனை, எதிரே போகும் சாலை எவ்வளவு அகலம் என்று விசாரித்துவிட்டுக் கொடுங்கள்.

மழைக்கு வருவோம். எனக்கு இதில்தான் ஆதங்கம் அதிகம். ஐப்பசி, கார்த்திகையில் மழை நேராக விழாது, வடகிழக்கிலிருந்து காற்றோடு சாய்ந்து வரும். 15 மாடிக்கு மேலே சுவரில் பட்ட தண்ணீரைக் காற்று மேல்நோக்கிக்கூடத் தள்ளும். 2016 டிசம்பர் 12, வர்தா புயல் அன்று நான் சோழிங்கநல்லூர் பக்கம் ஒரு சைட்டில் இருந்தேன். தடத்தில் ஓடும் ஸ்லைடிங் ஜன்னல்கள் தூக்கி எறியப்பட்டதைக் கண்ணால் பார்த்தேன். கண்ணாடி உடையவில்லை, சட்டமே தடத்திலிருந்து எழும்பி வெளியே போனது. சட்டத்தின் மேல்பக்கம் அது எழும்பாமல் தடுக்க ஒரு சின்னத் துண்டு இருக்க வேண்டும், அதைப் போடாமல் விட்டிருந்தார்கள். ஸ்லைடிங் ஜன்னலை இரண்டு கையாலும் மேலே தூக்கிப் பாருங்கள். எழும்பி வந்தால் அந்தத் துண்டு இல்லை.

அப்புறம் ஒரு குவளைத் தண்ணீரை ஜன்னல் தடத்தில் ஊற்றுங்கள். வெளிப்பக்கத் துளைகள் வழியாக வடிய வேண்டும், உள்ளே வழியக் கூடாது. ஜன்னலின் அடியில் பதித்த கல் வெளிப்பக்கம் வாட்டமாக இருக்கிறதா, சுவரைத் தாண்டி ஓர் அங்குலமாவது நீட்டியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அந்த நீட்டலின் அடியிலும், சன்ஷேடின் அடி ஓரத்திலும், விரல் நுழையும் அளவுக்கு ஒரு பள்ளக் கோடு இருக்க வேண்டும். ஓடிவரும் தண்ணீர் அந்தக் கோட்டில் அறுந்து கீழே சொட்டிவிடும். கோடு இல்லை என்றால் தண்ணீர் அடிப்பக்கமாகவே ஊர்ந்து சுவருக்கு வந்து, அடுத்த வருடம் உள்பக்கம் பெயின்ட் உப்பிக்கொண்டு நிற்கும். இதற்கு ஆகிற செலவு கொத்தனாரின் கொஞ்ச நேரம் மட்டும்தான். இருந்தும் எத்தனையோ டவரில் விட்டுவிடுகிறார்கள்.

நீளமான டவர் என்றால் பிளானில் இன்னொன்றையும் தேடுங்கள். 45 மீட்டருக்கு மேல் நீளும் கட்டடத்தைப் பொதுவாக நடுவில் பிரித்து ஓர் இடைவெளி விடுவார்கள், வெயிலில் விரிந்து சுருங்க. அந்த இடைவெளியை ஒட்டிய வீட்டில்தான் கசிவு முதலில் வரும். விலை ஒன்றுதான் என்றால் நான் அந்த வீட்டை எடுக்க மாட்டேன்.

பால்கனிக் கைப்பிடி என் இடுப்புக்கு மேலே, கிட்டத்தட்ட நெஞ்சுக்குழி வரை வர வேண்டும் என்று பார்ப்பேன். கம்பிகள் நேராக நிற்க வேண்டும். குறுக்குக் கம்பி குழந்தைக்கு ஏணி. இடைவெளியில் என் மூடிய கை நுழைந்தால் அது அதிகம். கண்ணாடி என்றால் ‘லேமினேட்டட்’ (நடுவில் படலம் வைத்து ஒட்டிய இரட்டைக் கண்ணாடி) தானா என்று கேளுங்கள். வெறும் டஃபன் கண்ணாடி உடைந்தால் மொத்தமும் பொடியாகக் கொட்டிவிடும், நின்றிருந்த இடத்தில் ஒன்றும் மிஞ்சாது. கடலிலிருந்து நாலைந்து கிலோமீட்டருக்குள் என்றால் ஸ்டீல் கைப்பிடி 316 ரகமாக இருக்கட்டும். 304 அந்த உப்புக்காற்றில் சீக்கிரமே தேநீர் நிறத்தில் கறை பிடிக்கும்.

டக்ட்டை யாரும் பார்ப்பதில்லை. கழிப்பறைக் குழாய்கள் இறங்கும் அந்தக் குழிக்குள் ஒரு பிளம்பர் நின்று வேலை செய்ய இடம் வேண்டும், உள்ளே போகக் கதவும் வேண்டும். இரண்டடி அகலக் குழியில் 12-ஆவது மாடிக் குழாய் ஒழுகினால் யார் தொங்குவது? அதேபோல ஏசியின் அவுட்டோர் யூனிட். அதற்கென்று விட்ட மேடைக்கு ஆள் பத்திரமாகப் போக முடியுமா, ஏசி விடும் தண்ணீர் வடியக் குழாய் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லா மாடியின் யூனிட்டும் ஒரே குறுகிய குழிக்குள் இருந்தால், கீழ்வீட்டுச் சூடு முழுவதும் மேல்வீட்டு ஏசிக்குப் போகும். மே மாதம் மேல்மாடிக்காரர்களின் கரண்ட் பில் ஏறும். துணி காயப்போடும் இடத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். வாஷிங் மெஷின் வைத்த பிறகு ஒரு கொடி கட்ட இடம் மிஞ்ச வேண்டும், அங்கே கொஞ்சமாவது வெயில் எட்ட வேண்டும்.

படுக்கையறைச் சுவருக்கு அந்தப்பக்கம் லிஃப்ட் இருந்தால் இரவில் சத்தம் கேட்கும். குழாய் அழுத்தத்தையும் கேளுங்கள். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் கிட்டத்தட்ட ஒரு பார் அழுத்தம் தரும். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து நேராக 20 மாடிக்கு இறக்கினால் கீழ்வீட்டில் குழாய் பீய்ச்சும், மேல்வீட்டில் ஷவர் சொட்டும். அழுத்தத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து வால்வு வைத்திருக்கிறார்களா, மேல் இரண்டு மாடிக்குத் தனி பம்ப் உண்டா என்று சைட் இன்ஜினியரிடம் கேளுங்கள். விற்பனையாளரிடம் கேட்டுப் பயனில்லை.

அடித்தளத்துக்கு இறங்குங்கள். 2015 வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர் இது. சாய்தளம் இறங்கும் முன் வாசலில் சாலையை விட உயரமாக ஒரு மேடு இருக்க வேண்டும். அந்த மேடு இல்லாத அடித்தளம் ஒரு கிணறு. மின் பலகை அறையும் ஜெனரேட்டரும் அடித்தளத்தில் இருக்கவே கூடாது. தண்ணீரை வெளியேற்றும் பம்ப்புக்கு ஜெனரேட்டர் இணைப்பு வேண்டும். பக்கத்து டீக்கடையில் நின்று, இங்கே 2015-இல் தண்ணீர் எதுவரை நின்றது என்று கேளுங்கள். கடைக்காரர் சுவரில் கை வைத்தே காட்டுவார். பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் என்றால் மண் பரிசோதனை அறிக்கையையும், அஸ்திவாரம் எந்த ஆழம் வரை போகிறது என்பதையும் கேளுங்கள். மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று 11 மாடிக் கட்டடம் விழுந்து 61 பேர் இறந்தார்கள். அதை நினைவில் வைத்திருக்கும் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

கிளப் ஹவுஸ், நீச்சல் குளம் பற்றி என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை. மாதப் பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி பத்திரம், காகிதம் பற்றிச் சுருக்கமாக. விலையைக் கார்ப்பெட் ஏரியாவால், அதாவது வீட்டுக்குள் புழங்கும் பரப்பால், வகுத்துப் பாருங்கள். அதில் உள்சுவர்கள் சேரும், வெளிச்சுவரும் பால்கனியும் டக்ட்டும் சேராது. என் கைக்கு வந்த டவர் பிளான்களில், விற்கும் சதுர அடியில் சுமார் 70 சதவீதம்தான் கார்ப்பெட். பிரிபடாத நிலப் பங்கு எவ்வளவு என்பது பத்திரத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் பணம் வாங்கக் கூடாது என்று 2016 ரெரா சட்டம் சொல்கிறது. சாவி வாங்கிய நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் வரும் கட்டமைப்புக் குறையை, நீங்கள் தெரிவித்த 30 நாளில் பில்டரே செலவில்லாமல் சரிசெய்ய வேண்டும். அதனால் வெடிப்பு, கசிவு எது வந்தாலும் தேதியோடு படம் எடுத்து எழுத்தில் அனுப்புங்கள். சிஎம்டிஏ நிறைவுச் சான்றிதழ் வராமல் குடிபோக வேண்டாம்.

சாவி வாங்கும் நாளில் வீட்டில் யாரும் அவசரப்படாமல் இருக்க, நான் மூன்று மணி நேரம் தனியாகக் கேட்டு வாங்குவேன். குளியலறை வடிகால் வாயைத் துணியால் அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, மறுநாள் கீழ்வீட்டுக் கூரையைப் போய்ப் பார்ப்பேன். பால்கனியில் கோலிக்குண்டை வைத்துவிட்டால் அது தானாக வடிகால் பக்கம் உருள வேண்டும். ஹால் பக்கம் உருண்டால் மழைத் தண்ணீரும் அங்கேதான் வரும். அந்த இடத்தில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, தேதி எழுதி, படம் எடுத்து, சைட் இன்ஜினியரிடம் கையெழுத்து வாங்குங்கள். அத்தை பெண் வீட்டில் அப்படி 11 வட்டம் போட்டோம். எல்லாவற்றையும் சரிசெய்து கொடுத்த பிறகுதான் பால் காய்ச்சினார்கள். வந்தவர்கள் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தபோது நான் லிஃப்ட் வரைக்கும் ஒரு தடவை போய் ஆழத்தை அளந்துவிட்டு வந்தேன். 2.15 மீட்டர் இருந்தது.